எந்த ரோட்டில் திரும்புவது? வல்லம் வடகாலில் உயிரைக் காக்கும் அந்த ஒரு மணி நேரம்!

வல்லம் வடகால். ஷிப்டு மாறும் நேரம்.

சங்கு ஊதியதும் கேட்டுகள் திறக்கின்றன. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டுக்கு வருகின்றன. அவற்றின் இடைவெளியில் மோட்டார் சைக்கிள்கள் பாய்கின்றன. எதிரே கன்டெய்னர் லாரி. பின்னால் தண்ணீர் லாரி. ஓரத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் பெண்கள். "அண்ணே, ரெண்டு டீ. சீக்கிரம்!" என்று டீக்கடையில் ஒரு குரல்.

உள்ளே போகிறவர்களுக்கும் அவசரம். வெளியே வருகிறவர்களுக்கும் அவசரம்.

அந்த நேரத்தில் "டமார்" என்று ஒரு சத்தம் கேட்டால்?

கூட்டம் கூடும். ஒருவர் தண்ணீர் கொடுப்பார். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பார். ஒருவர் செல்போனில் படம் பிடிப்பார். "ஆட்டோவுல தூக்கிப் போடுப்பா" என்பார் ஒருவர். "வேணாம், போலீஸ் கேஸ் ஆயிடும். நமக்கு ஏன் வம்பு?" என்பார் இன்னொருவர்.

கடைசியில் ஒரு கேள்வி எழும்.

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் போய்விடும் உயிர்கள் உண்டு. இருதயத்தை வெளியே எடுத்து இன்னொருவருக்கு வைக்கும் அளவுக்குப் பேர் பெற்ற டாக்டர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கத்தி தயார். மேஜை தயார். ஆனால் அடிபட்டவர் அந்த மேஜைக்குப் போய்ச் சேர வேண்டுமே! அதில்தான் கோட்டை விடுகிறோம்.

மூன்று ரோடு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது வல்லம் வடகால். ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பு ராமானுஜர் பிறந்த ஊர் என்பார்கள். 1991-ம் ஆண்டு மே 21-ந் தேதி ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் பலியான ஊர் என்பார்கள். இப்போது கம்பெனிகளின் ஊர்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் இன்னொரு கார் தொழிற்சாலை வந்தது. வல்லம் வடகால் சிப்காட்டில் 2017-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் தயாராகத் தொடங்கின. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி இதே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக மாபெரும் விடுதி திறக்கப்பட்டது. அதில் தங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 18 ஆயிரத்து 720 பேர்! ஒரு சிறிய டவுனே ஒரே காம்பவுண்டுக்குள்.

இத்தனை பேரும் ரோட்டை நம்பி இருக்கிறார்கள். பெரிய ஆபத்து வந்தால் அந்த ரோடு மூன்று பக்கம் பிரிகிறது.

கிழக்கே போனால் பூந்தமல்லி வழியாகச் சென்னை. அங்கே சென்டிரல் ரெயில் நிலையத்துக்கு எதிரே அரசு பொது ஆஸ்பத்திரி. 1664-ல் தொடங்கிய பழமையான ஆஸ்பத்திரி. 2011 முதல் ராஜீவ் காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தெற்கே போனால் சிங்கப்பெருமாள்கோவில் வழியாகச் செங்கல்பட்டு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

மேற்கே போனால் காஞ்சீபுரம். அங்கே அரசு தலைமை ஆஸ்பத்திரி.

இவை தவிர நெடுஞ்சாலை ஓரங்களில் தனியார் ஆஸ்பத்திரிகள், தனியார் மருத்துவக் கல்லூரிகள். போர்டுகள் நிறைய. வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒரு மணி நேரக் கணக்கு

அடிபட்ட பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் "பொன்னான நேரம்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த டாக்டர் ஆடம்ஸ் கவுலி. அவர் யார்? எலும்பு டாக்டர் அல்ல. மூளை டாக்டர் அல்ல. இருதய ஆபரேஷன் டாக்டர்!

ரத்த ஓட்டம் நின்றால் உடம்பு என்ன ஆகும் என்பதை அவரைப் போன்றவர்கள் ஆபரேஷன் மேஜையிலேயே பார்த்தவர்கள். அதனால்தான் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார்.

நம் நாட்டில் 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இந்தப் பொன்னான நேரத்துக்கு விளக்கம் எழுதப்பட்டு விட்டது. காயம் பட்டதில் இருந்து ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் உடனே சிகிச்சை கொடுத்தால் சாவைத் தடுக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்கிறது சட்டம்.

2022-ம் ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64 ஆயிரத்து 105. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை. செத்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. ஒரு நாளைக்கு என்று வகுத்துப் பார்த்தால் 49 பேர். தினமும் ஒரு பஸ் நிறைய ஆட்கள்!

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "ஒண்ணும் இல்லை சார், நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து உட்காருகிறார். அரை மணி நேரத்தில் முகம் வெளுக்கிறது. மூச்சு வாங்குகிறது. சாய்ந்து விடுகிறார்.

கூடி நின்றவர்களுக்குக் குழப்பம். "நல்லாத்தானே பேசினாரு?"

நெஞ்சில் அடி என்றால் இப்படித்தான். ஹேண்டில்பார் குத்தினாலும் சரி, ஸ்டியரிங் இடித்தாலும் சரி, ஆபத்து உள்ளே இருக்கிறது.

ஒரு மனிதனின் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். இருதயம் ஒரு நிமிடத்துக்குத் தள்ளுவதும் கிட்டத்தட்ட அதே 5 லிட்டர்தான். மொத்த ரத்தமும் நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. பெரிய குழாயில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? நீங்களே கணக்குப் போடலாம்.

இருதயத்தைச் சுற்றி ஒரு உறை உண்டு. அந்த உறைக்குள் ரத்தம் கசிந்தால் இருதயம் விரிய முடியாது. ஒரு டம்ளர் ரத்தம் வேகமாக நிறைந்தாலே போதும், துடிப்பு அடங்கி விடும். உடம்பில் பாக்கி ரத்தம் முழுவதும் இருந்தும் பயன் இல்லை!

விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தினால் காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டில் அடைபடும். காற்று ஏற ஏற நுரையீரல் சுருங்கும். இருதயம் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். சரியான இடத்தில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றினால் அந்த நிமிடமே மூச்சு வரும். குத்தத் தெரிந்த கை வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது, இருதயத்தில் இருந்து புறப்படும் மகா தமனி. அதிவேகத்தில் வந்த வண்டி சட்டென்று நிற்கும்போது இந்தக் குழாய் கிழிந்து விடுவது உண்டு. இப்படிக் கிழிந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் சம்பவ இடத்திலேயே இறந்து போகிறார்கள். ஆஸ்பத்திரி வரை வந்து சேருகிறவர்களுக்கு இன்று வழி இருக்கிறது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி உள்ளுக்குள்ளேயே உறை போட்டு அடைக்கிறார்கள். நெஞ்சைப் பிளக்காமலேயே!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெஞ்சில் அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனே தேவைப்படுவதில்லை. விலாவில் ஒரு குழாய் சொருகி, தேங்கிய ரத்தத்தையும் காற்றையும் வெளியேற்றினால் போதும். இதற்கு இருதய நிபுணர் வேண்டியது இல்லை. பயிற்சி பெற்ற டாக்டர் இருந்தால் சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். அதைச் செய்து அனுப்பினால் நோயாளி உயிரோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். செய்யாமல் "பெரிய இடத்துக்குப் போங்க" என்று வாசலிலேயே திருப்பினால், வழியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

கத்திக் குத்தும் கந்தல் இருதயமும்

இருதயத்தைத் தொட்டுத் தைக்க முடியுமா என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நடுங்கினார்கள். 1896-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு வாலிபர் நெஞ்சில் கத்திக் குத்துப்பட்டு வந்தார். லுட்விக் ரென் என்ற டாக்டர் துணிந்து நெஞ்சைத் திறந்து, துடித்துக் கொண்டிருந்த இருதயத்தில் தையல் போட்டார். வாலிபர் பிழைத்தார். இருதய ஆபரேஷன் என்ற துறைக்கே அன்றுதான் பிள்ளையார் சுழி.

ஆக, இருதய ஆபரேஷன் பிறந்ததே ஒரு அவசர காயத்தில்தான்!

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. அடைபட்ட இருதயக் குழாய்க்கு மாற்றுப் பாதை போடும் பைபாஸ் ஆபரேஷனை இந்தியாவில் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். ஆண்டு 1975. இடம் பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரி. 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் காலமானார்.

சென்னை நகரம் வழி விட்ட நாள்

அந்தச் செரியனின் ஆஸ்பத்திரியோடு சேர்த்துத் தமிழ்நாடு மறக்காத ஒரு பெயர் உண்டு. ஹிதேந்திரன்!

2008-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி. திருக்கழுக்குன்றம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது காஞ்சீபுரம் மாவட்டம். வல்லம் வடகாலும் அதே மாவட்டம்தான். திருக்கழுக்குன்றத்தில் டாக்டர் தம்பதி அசோகன்-புஷ்பாஞ்சலி. அவர்களுடைய மகன் ஹிதேந்திரன். வயது 15. மோட்டார் சைக்கிளில் சென்றபோது விபத்து. தலையில் பலத்த அடி. சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொல்லி விட்டார்கள்.

பெற்றோர் இருவரும் டாக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியது இல்லை. அழுதார்கள். பிறகு மகனின் உறுப்புகளைத் தானம் செய்ய முன்வந்தார்கள்.

முகப்பேரில் செரியனின் ஆஸ்பத்திரியில் பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய இருதயம் செயல் இழந்து கொண்டிருந்தது. ஹிதேந்திரனின் இருதயம் அவளுக்குப் போக வேண்டும். நடுவே சென்னை நகரின் டிராபிக்.

போலீசார் சிக்னல்களை நிறுத்தினார்கள். வழி நெடுக ஆள் போட்டார்கள். இருதயப் பெட்டியோடு போலீஸ் வண்டி பறந்தது. முக்கால் மணி நேரம் பிடிக்கும் தூரத்தைக் கால் மணி நேரத்துக்குள் கடந்தது. சிறுமிக்குள் ஹிதேந்திரனின் இருதயம் துடித்தது!

தமிழ்நாட்டில் உறுப்புதானம் பெரிய இயக்கமாக வளர்ந்தது அதன் பிறகுதான். 2013-ல் வந்த "சென்னையில் ஒரு நாள்" படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சம்பவம் ஞாபகம் வரும். செப்டம்பர் 23-ந் தேதி தமிழ்நாட்டில் உறுப்புதான தினம். உறுப்புதானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை தரப்படும் என்று 2023-ல் அதே நாளில்தான் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. எல்லோரும் மனது வைத்தால் சென்னை நகரமே வழி விடும் என்பது அன்று தெரிந்தது. இறந்த சிறுவனின் இருதயத்துக்குத் திறந்த அந்த வழி, உயிரோடு துடித்துக் கொண்டிருப்பவனின் இருதயத்துக்கும் திறக்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. ஹிதேந்திரன் விழுந்த நாளுக்கு 5 நாள் முன்னால்தான். அன்று 108 என்ற நம்பர் பலருக்குத் தெரியாது. இன்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அடிபட்டவரை ஷேர் ஆட்டோவில் மடக்கிப் படுக்க வைப்பது நின்றபாடில்லை.

"வெறும் கேஸ்தாம்ப்பா!"

ரோட்டில் நடப்பது சத்தத்தோடு நடக்கிறது. கம்பெனிக்குள் சத்தம் இல்லாமல் நடப்பது மாரடைப்பு.

நைட் ஷிப்டு. அதிகாலை 3 மணி. மெஷின் முன்னால் நிற்பவருக்கு நெஞ்சை அழுத்துகிறது. இடது கை கனக்கிறது. சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்வார்?

"கேன்டீன்ல பரோட்டா சாப்பிட்டியா? வெறும் கேஸ்தாம்ப்பா. ஒரு சோடா குடி, சரியாயிடும்."

சோடா குடிக்கிறார். ஏப்பம் வருகிறது. வலி போகவில்லை. "ஷிப்டு முடியட்டும், காலைல பாத்துக்கலாம்" என்கிறார். காலை வரை அந்த இருதயம் காத்திருக்குமா?

மாரடைப்பு என்றால் இருதயத்துக்கே ரத்தம் தரும் குழாயில் அடைப்பு. அடைப்பு நீடிக்க நீடிக்க இருதயச் சதை செத்துக் கொண்டே போகும். செத்த சதை திரும்பப் பிழைக்காது. எனவே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 10 நிமிடத்தில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது டாக்டர்கள் வகுத்துக் கொண்ட விதி. குழாய் வழியாக பலூன் விட்டு அடைப்பை நீக்கும் வசதி அருகில் இருந்தால் அதுவே முதல் சிகிச்சை. அது தூரத்தில் இருந்தால், முதலில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே போட்டு விட்டுப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முள்ளசாரி ஆகியோர் முன்னின்று நடத்திய ஆய்வு அது. மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நடுவில் குடம். சுற்றிலும் ஆரக்கால்கள். பெரிய ஆஸ்பத்திரி குடம். சின்ன ஆஸ்பத்திரிகள் ஆரக்கால்கள். இரண்டையும் ஆம்புலன்சால் இணைத்தார்கள். 2012 முதல் 2014 வரை 2 ஆயிரத்து 420 நோயாளிகளைக் கவனித்தார்கள். இணைப்பதற்கு முன்பு ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேர். இணைத்த பிறகு 14.2 பேர்.

புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற ஆஸ்பத்திரிகளை ஒன்றோடு ஒன்று பேச வைத்தார்கள். அவ்வளவுதான்!

2023-ல் தமிழக அரசு "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் நெஞ்சுவலிக்காரர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டேட்டின் ஆகிய மூன்று மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

நசுங்கிய கை, துண்டான விரல்

இந்த வட்டாரத்தில் பெரிய கார் கம்பெனிகளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய. பிரஸ் மெஷினில் விரல் போவது தொழிலாளர்கள் அறிந்த பயம்.

கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய் அறுந்தால் சதை தாங்கும் நேரம் சுமார் 6 மணி. அதற்குள் குழாயைத் தைத்து ரத்தம் ஓட விட வேண்டும். தாமதம் ஆனால் கையையே எடுக்க வேண்டி வரும்.

துண்டான விரலைச் சிலர் நேராக ஐஸ் கட்டியில் போடுகிறார்கள். சிலர் தண்ணீரில் போடுகிறார்கள். இரண்டும் தப்பு. சுத்தமான ஈரத் துணியில் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையைத்தான் ஐசில் வைக்க வேண்டும். ஐஸ் விரலைத் தொடக்கூடாது.

சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை ஆபரேஷனுக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்த பிரிவு அது. நூலைவிட மெல்லிய இழையால், மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து, ரத்தக் குழாயையும் நரம்பையும் இணைக்கிறார்கள்.

போலீஸ் பயம் வேண்டாம்

தூக்கி விட்டால் வம்பு வருமா? சாட்சிக்கு அலைய விடுவார்களா? ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்வார்களா?

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. வடநாட்டில் ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோதியது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். "இது போலீஸ் கேஸ், 20 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அனுப்பி விட்டார்கள். வழியிலேயே உயிர் போய் விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்து, பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உயிரைக் காப்பதுதான் டாக்டரின் முதல் கடமை. போலீஸ் சம்பிரதாயம் எல்லாம் பிறகு. இதுதான் தீர்ப்பு.

ஒரு பத்திரிகைச் செய்தி செய்த வேலை அது!

உதவி செய்பவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே தனிப் பிரிவு சேர்ந்தது. நல்ல எண்ணத்தோடு தூக்கி விட்டவர் மீது வழக்கு வராது. பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. கொண்டுவந்து சேர்த்து விட்டுப் போய்க் கொண்டே இருக்கலாம்.

பணத்துக்கு என்ன செய்வது?

2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடக்கத்தில் ரூ.1 லட்சம் வரை என்று அறிவிக்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரிகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு. இன்சூரன்ஸ் கார்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி.

இந்தக் கடைசி வரிதான் வல்லம் வடகாலுக்கு முக்கியம். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்து, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகத் தங்கி வேலை செய்கிற பையன்களுக்கு இங்கே ரேஷன் கார்டு கிடையாது. சொந்தக்காரர் கிடையாது. மொழியும் தெரியாது. "கார்டு எங்கே?" என்று கேட்டால் முழிப்பார்கள். கார்டு வேண்டாம் என்பதை அவர்களும் தெரிந்து கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கும் நாமும் தெரிந்து கொள்ள வேண்டும்.

மத்திய அரசும் 2025-ம் ஆண்டு மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி விபத்து நடந்ததில் இருந்து 7 நாட்கள் வரை, ரூ.1½ லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

இ.எஸ்.ஐ. தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வீட்டில் இருந்து வேலைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து திரும்பும் வழியிலோ விபத்து நடந்தாலும், அது வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும். 2010-ல் வந்த சட்டத் திருத்தம் இது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே பாதுகாப்பு இருக்கிறது. ஷிப்டு முடிந்து பைக்கில் போகும்போது விழுந்தவர், "கம்பெனிக்கு வெளியேதானே விழுந்தேன்" என்று சும்மா இருந்து விட வேண்டியது இல்லை.

எந்த ரோடு? யார் சொல்வது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கிழக்கா, தெற்கா, மேற்கா?

பதில் இதுதான். அதை நாம் முடிவு செய்ய வேண்டியதே இல்லை! கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர் முடிவு செய்யக்கூடாது. ஆட்டோ டிரைவரும் முடிவு செய்யக்கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டியோடு வரும் மருத்துவ உதவியாளர் முடிவு செய்வார்.

2017-ல் தமிழக அரசு விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்காகத் தனித் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம், குழந்தைகளுக்கு வரும் அவசர நோய் எல்லாம் அதில் அடக்கம். அதன்படி ஆம்புலன்ஸ் வரும்போதே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போகும். நோயாளி வந்து இறங்கியதும் மூன்று நிறமாகப் பிரிப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். லேசான காயம் என்றால் பச்சை. சிவப்புக்கு ஓ.பி. சீட்டு, வரிசை எதுவும் கிடையாது. நேராக உள்ளே.

ஆட்டோவில் கொண்டு போனால் இந்த முன்தகவல் போகாது. "யாருப்பா கூட வந்தது?" என்ற கேள்வியில் இருந்துதான் எல்லாம் தொடங்கும். போகிற இடத்தில் டாக்டர் இருப்பாரா, ரத்தம் இருக்குமா, ஸ்கேன் இருக்குமா என்பதும் தெரியாது. ஒரு ஆஸ்பத்திரி, அடுத்து இன்னொரு ஆஸ்பத்திரி, அதற்கடுத்து சென்னை என்று மூன்று படி ஏறி இறங்கினால் பொன்னான நேரம் ரோட்டிலேயே கரைந்து போகும்.

நினைவில் வையுங்கள்

ரோட்டிலும் கம்பெனியிலும் முதல் ஆளாக நிற்பவர் செய்ய வேண்டியது:-

1. முதலில் 108. பிறகுதான் மற்றது. எந்த ஊர், எந்தக் கம்பெனி கேட், எத்தனை பேர் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கை காலில் ரத்தம் நிற்கவே இல்லை என்றால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும்.

3. தண்ணீர், டீ, சோடா எதுவும் கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆபரேஷனுக்கும் இடைஞ்சல்.

4. ஹெல்மெட்டை இழுக்கக் கூடாது. கழுத்தை மடக்கக் கூடாது. மூச்சு அடைபட்டால் மட்டும், இரண்டு பேர் சேர்ந்து கழுத்தைத் தாங்கிக் கொண்டு மெதுவாகக் கழற்றலாம்.

5. கம்பி, கண்ணாடி உடம்பில் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அடைப்பாக இருப்பதே அதுதான். பிடுங்கினால் ரத்தம் பீறிடும்.

6. நெஞ்சில் அடிபட்டவர் "நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

7. நெஞ்சு வலிக்காரரை நடக்க விடக்கூடாது. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போகக் கூடாது.

8. பேச்சு மூச்சு இல்லாமல் விழுந்தால், நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து 5 சென்டி மீட்டர் ஆழம் இறங்கும்படி அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக்கூடாது.

இந்த எட்டையும் கற்றுக்கொள்ள ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளை போதும். ஒவ்வொரு கம்பெனியிலும் ஷிப்டுக்கு நான்கு பேர், ஒவ்வொரு ஜங்ஷனிலும் ஒரு டீக்கடைக்காரர், ஒரு ஆட்டோ டிரைவர் கற்றுக் கொண்டால் போதும். இருதய டாக்டரின் கைக்கு முன்னால் வேலை செய்ய வேண்டிய கை இவர்களுடைய கைதான்.

இங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் நேரம் உண்டு. ஒரு மோட்டார் சைக்கிள் இத்தனை நொடியில் ஒரு கட்டத்தைத் தாண்ட வேண்டும் என்று கணக்கு உண்டு. லைன் ஒரு நிமிடம் நின்றால் நாலு அதிகாரிகள் ஓடி வருகிறார்கள்.

அந்த மோட்டார் சைக்கிளைச் செய்த மனிதன் ரோட்டில் விழுந்து கிடக்கும்போதும் அதே கடிகாரம் ஓடிக் கொண்டுதான் இருக்கிறது.

மறுபடி சங்கு ஊதுகிறது. அடுத்த ஷிப்டு உள்ளே போகிறது. பஸ்கள் கிளம்புகின்றன.

யாராவது ஒருவர் போனை எடுத்து 108-ஐ அழுத்த வேண்டும். "யாராவது" என்று காத்திருக்காமல் அந்த ஒருவர் நாமாக இருந்து விட்டால், ஒரு வீட்டில் இன்று ராத்திரி விளக்கு அணையாது.